நோயாளியின் பதில் செல்லாது

நோயாளியிடம் கேட்கும் படிவத்தை எடுத்துவிட்டார்களாம். போன வாரம் ஷீபா போனில் சொன்னாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பெண் அவள். கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்தில் ஏதோ ஒரு கம்பெனிப் பிள்ளைகள் எங்கள் படிவங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இனி மறதிநோய் வந்தவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், அவரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டால் போதும், வீட்டுக்கு வீடு அரைமணி நேரம் மிச்சம். "அக்கா வந்து புதுசாயிட்டு சேர்ந்த பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும். பழைய எக்ஸ்பீரியன்ஸ். சந்தோஷமாயிட்டு ஏதாவது சொன்னா மதி, அது போதும்" என்றாள்.

சந்தோஷமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்று போனை வைத்தேன். வைத்த பிறகும் தனியே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். கோபத்தில்தான். வேறு வியாதி எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் என்னிடமும் கேட்கமாட்டார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால் அது வருவதற்கு முன்பே எழுதிவைக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மறதிநோய் ஆய்வுப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். நல்லவர்கள் சிலர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எம்.ஏ. முடித்து, பல இடங்களில் தற்காலிகமாக இருந்து, தொண்ணூறுகளில் இந்தப் பிரிவில் நிரந்தரமானேன். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரங்கள் முதல் பாறசாலை எல்லைவரை தமிழ் வீடுகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. பயிற்சி ஆறு வாரம். அதில் நான் கற்றது, வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்பது மட்டுமே.

வேலை இதுதான். மறதிநோய் வந்த ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று அளக்க வேண்டும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளப்பது டாக்டர்கள் வேலை. அதோடு வாழ்கிற வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளப்பது எங்கள் வேலை. அதற்கு இரண்டு படிவம். வெள்ளைத் தாள் நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வது. மஞ்சள் தாள் அவரைப் பார்த்துக்கொள்கிறவர் அவரைப் பற்றிச் சொல்வது. இரண்டிலும் ஒரே பதினைந்து விஷயம்: உடம்பு, தெம்பு, சாப்பாடு, தூக்கம், மனசு, ஞாபகம், வீடு, குடும்பம், மணவாழ்க்கை, சிநேகிதம், வீட்டு வேலை, பிடித்ததைச் செய்வது, வெளியே போய்வருவது, பணம், கடைசியில் மொத்த வாழ்க்கை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: மோசம், சுமார், நல்லது, மிக நல்லது. ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண்.

நோயாளிக்கு நேரெதிரே உட்காரக் கூடாது, அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். பக்கவாட்டில், அவர் முழங்கால் உயரத்துக்குத் தாழ்வாக உட்கார வேண்டும். நான்கு பதிலும் பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டையை அவர் மடியில் வைக்க வேண்டும். கேள்வியைப் படித்துவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பதில் வராவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி படித்து, மறுபடி பத்து. தலையாட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. வீட்டுக்காரர் வேறு அறையில் இருக்க வேண்டும். அவர் எங்கே போனார்? கதவுத் திரைக்குப் பின்னால்தான் நின்றார். எல்லா வீட்டிலும் திரைக்குக் கீழே இரண்டு பாதம் தெரியும்.

எங்கள் தலைமை டாக்டரை நாங்கள் எல்லோரும் சார் என்போம். அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், ஆனால் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். மேஜைமேல் ஃபிளாஸ்க் இருக்கும். நாங்கள் போனால் அவரே சாயா ஊற்றித் தருவார். நாங்கள் கொண்டுபோன படிவங்களை வாங்கி, மேஜை விளிம்போடு விளிம்பாக ஒட்டி, ஸ்கேலால் தட்டி நேராக்குவார். பிறகு சிவப்புப் பென்சிலைச் சீவுவார். சீவிய தூளைக் கைக்குட்டையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார். அதற்குப் பிறகுதான் படிப்பார். இவ்வளவு நேரமும் நாம் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

சிவப்புப் பென்சில் எதற்கு என்றால், வெள்ளைத் தாளை அடிக்க. முதலில் ஒரு ஞாபகப் பரிசோதனை உண்டு. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். அதில் ஒரு எல்லைக்குக் கீழே மதிப்பெண் வந்தவரின் வெள்ளைத் தாள் கணக்கில் சேராது. மரியாதைக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். சார் மூலைக்கு மூலை மெல்லிய கோடு ஒன்று இழுத்து, 'செல்லாது' என்று சின்ன எழுத்தில் எழுதுவார். அழகான கையெழுத்து.

முதலில் கோபம் வந்தது கோட்டைக்குள் ஒரு வீட்டில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். மாமி வாசலிலேயே என்னை நிறுத்தி, "அவரண்ட கேட்டு என்ன ஆகப்போறது? நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்கோ" என்றார். விதிப்படி அவரிடம்தான் முதலில் கேட்டேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், என் பென்சிலை வாங்கி என் வெள்ளைத் தாளின் தலைப்பில் 'பத்துக்கு நாலு' என்று போட்டார். "கேள்வித்தாள் சரியில்லை. யார் தயார் பண்ணினா?" என்றார். ஆனாலும் பதில் சொன்னார். சாப்பாடு பேஷ். தூக்கம் பேஷ். வெளியே போய்வருவது மட்டும், "மோசம். செருப்பை ஒளிச்சு வெச்சுட்டா." திரைக்குக் கீழே இருந்த பாதங்கள் அசைந்தன.

பிறகு மாமியின் மஞ்சள் தாள். வெளியே போய்வருவது: நல்லது. "பத்திரமா ஆத்துக்குள்ளேயே இருக்காரோன்னோ." இரண்டையும் சாரிடம் கொண்டுபோனேன். தலைமையாசிரியருக்கு நூறிலிருந்து ஏழைக் கழிக்க வரவில்லை. வெள்ளைத் தாளில் கோடு விழுந்தது. "செருப்பு அலமாரிக்கு மேலே இருந்தது சார், நானே கண்டேன்" என்றேன். சார் வருத்தப்படுகிற முகத்தோடு சொன்னார்: "லீலா கண்டது எழுதான் இந்த ஃபாரத்தில் ஸ்தலம் இல்லல்லோ." நான் கண்டதை எழுதப் படிவத்தில் இடமில்லையாம். நான் சிரித்துவிட்டு வந்தேன். அப்போது சிரித்ததை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் சாரை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. பதினோராவது கேள்வி, வீட்டு வேலை. அந்தக் கேள்வி எதற்கு வைத்தது? ஒருவர் இன்னும் ஒரு பாத்திரம் கழுவ, ஒரு துணி மடிக்க முடிகிறதா, அதில் அவருக்கு நிறைவு இருக்கிறதா என்று அறிய வைத்தது. நம் வீடுகளில் அதற்கு என்ன பதில் வந்தது தெரியுமா? "ஒரு வேலையும் செய்ய விடமாட்டோம், மிக நல்லதுன்னு போடுங்க." வயதானவரை வேலை செய்ய விடாமல் உட்கார வைப்பது நமக்குப் பெருமை. நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் தலையாட்டாமல், சிரிக்காமல், சொன்னதை எழுதினேன். ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, வருஷக்கணக்காக. அடுப்படிக்குள் விடாமல் வெளியே நிறுத்திய எத்தனையோ பெண்களுக்கு என் கையால் நான்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இது எனக்கு உறைத்தது தங்கபாய் வீட்டில்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அது. பாப்பனங்கோட்டில், நெடுஞ்சாலையிலிருந்து நாலு வீடு உள்ளே. மகன் ஜெபசிங் தரையில் டைல்ஸ் ஒட்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். மனைவி கிரேசி முன்னறையில் ஜாக்கெட் தைப்பாள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தங்கபாய் அங்கே முந்திரி ஆலையில், அந்தப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்பார்கள், சின்ன வயதிலிருந்தே வேலை பார்த்தவர். தோல் நீக்கிய பருப்பைத் தரம் பிரிப்பது அவர் வேலை. முழுசு, பாதி, துண்டு, பொடி. பிரித்ததை டின்னில் அடைத்து அனுப்புவார்கள்.

நான் போனபோது தங்கபாய் கைவைத்த மரநாற்காலியில் இருந்தார். இடுப்பைச் சுற்றிப் பழைய வேட்டி ஒன்றால் முதுகுப் பலகையோடு கட்டியிருந்தது. இரண்டு மணிக்கட்டும் நாற்காலிக் கையோடு துணிநாடாவால் கட்டியிருந்தது. கட்டு இறுக்கமாக இல்லை. துணி வெளுத்துச் சுத்தமாக இருந்தது. தலை வாரி, பவுடர் போட்டு, சேலை இஸ்திரி போட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஷிஃப்டு தொடங்கியாச்சா பிள்ளே?" என்று கேட்டார்.

கட்டியதற்குக் காரணம் இருந்தது. அதையும் சொல்கிறேன், அந்தக் குடும்பத்தைக் கொடியவர்களாகக் காட்ட எனக்கு ஆசை இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். நேரே நெடுஞ்சாலை. ஒரு தடவை லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார். கை கட்டியது வேறு காரணத்துக்கு. சும்மா இருக்காத கை அது. கிரேசி தைத்து வைத்த ஜாக்கெட்டுகளின் தையலை நூல் நூலாகப் பிரித்துவிடுவார். கல்யாண வீட்டுத் துணி ஆறும் ஒரே பகலில் போயிற்று.

ஜெபசிங் மஞ்சள் தாளுக்குப் பதில் சொன்னான். பதினைந்தில் பதிமூன்றுக்கு மிக நல்லது. பதினோராவது கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "எங்க அம்மை ஆயுசு முழுக்கப் பாடுபட்டா அக்கா. இனி ஒரு துரும்பு எடுக்க விடமாட்டேன். ராணி கணக்கா இருக்கா." அவன் கண்ணில் நீர் இருந்தது. பக்கத்து அறையில் ராணி கட்டப்பட்டிருந்தார்.

தங்கபாயிடம் அட்டையை மடியில் வைத்துக் கேட்டேன். பத்து எண்ணினேன், மறுபடி கேட்டேன், பத்து எண்ணினேன். அவர் அட்டையின் ஓரத்தை விரல் எட்டுகிற மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தார். நல்லது, சுமார் என்ற சொற்கள் அவரிடம் போய்ச் சேரவில்லை. ஞாபகப் பரிசோதனையில் ஏறக்குறைய பூஜ்யம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் பயிற்சி பெற்ற இரண்டு துணையாளர் பெண்கள் இருந்தார்கள். வாரத்தில் மூன்று காலை வீட்டுக்குப் போய், நோயாளியோடு வெளியே நடந்து, திரும்பக் கொண்டுவந்து, கைக்கு ஏதாவது வேலை கொடுத்து இருப்பார்கள். மதிப்பெண் மிகக் குறைந்த வீடுகளுக்கு மட்டும். தங்கபாய்க்கு வேண்டியது அது ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு ஒரு ஆள் கூட நடந்தால் அந்தக் கட்டு வேண்டாம். மஞ்சள் தாளின்படியோ எங்கள் பட்டியலிலேயே மிக நன்றாக வாழ்கிறவர் அவர்.

அடுத்த தடவை போகும்போது சாலைக் கடைத்தெருவில் உடைசலும் முழுசும் கலந்த முந்திரிப் பருப்பு அரைக்கிலோ வாங்கிப் போனேன். கிரேசியிடம் கேட்டுக் கைக்கட்டை அவிழ்த்தேன். ஒரு தாம்பாளத்தில் பருப்பைக் கொட்டி மடியில் வைத்தேன். அவர் கை தானாக ஓடியது. நாலு குவியல் ஆயிற்று. இடையில் கொஞ்சம் தின்றார். "திங்கப்பிடாது, மேஸ்திரி கண்டா தொலைஞ்சோம்" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு மறுபடி தின்றார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உள்ளங்கையை நீட்டி, "சாப்பாடு எப்படி அம்மை?" என்று கேட்டேன். ஒரு முழுப் பருப்பை என் கையில் வைத்தார். "கிரேசி நல்லாப் பொங்குவா." தூக்கம்? பாதி. குடும்பம்? யோசிக்கவே இல்லை, முழுசு. மணவாழ்க்கைக்கு ஒரு நல்ல முழுசாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு என்ன மதிப்பெண் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சிநேகிதத்துக்கு ஒரு துண்டு. வெளியே போய்வருவது? பொடி. விரல் நுனியில் ஒரு சிட்டிகை. வீட்டு வேலை? மறுபடி பொடி. "சும்மா இரி, சும்மா இரின்னு சொல்லுகாவ பிள்ளே. சும்மா இருந்தா நம்மள ஆரு வச்சிருப்பா?" கடைசியில் மொத்த வாழ்க்கை. அவர் நாலு குவியலையும் விட்டுவிட்டு, ஓரமாக ஒதுக்கியிருந்த கருகல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இத டின்னுல போடப்பிடாது" என்றார்.

கிரேசி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்கிட்ட கேட்டிருந்தா நான் மோசம்ன்னுதான் சொல்லணும் அக்கா. ஆனா எப்பிடிச் சொல்லுவேன்? சொன்னா நான் அவியள நல்லாப் பாக்கலேன்னுல்லா ஆவும்?"

இத்தனை வருஷம் படிவம் நிரப்பியவளுக்கு அந்த ஒரு வாக்கியம் தெரியாமல் போயிற்று. மஞ்சள் தாளில் வீட்டுக்காரர்கள் போட்டது நோயாளியின் வாழ்க்கைக்கு இல்லை, தங்களுக்கே போட்டுக்கொண்ட மதிப்பெண். தன் தாயின் வாழ்க்கை மோசம் என்று எந்த மகன் கையெழுத்துப் போடுவான்?

மூன்று நாள் கழித்துப் போய் மறுபடி அதே கேள்விகளைக் கேட்டேன். பெரும்பாலும் அதே பதில். மொத்த வாழ்க்கைக்கு மறுபடி கருகல். எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் எழுதி, எப்படிக் கேட்டேன் என்று தனித் தாளில் ஒரு பக்கம் எழுதி, சாரிடம் போனேன்.

சாயா ஊற்றினார். தாள்களை நேராக்கினார். பென்சில் சீவினார். தூளைக் கைக்குட்டையில் எடுத்தார். நான் சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "லீலாவின்றெ மனஸ்ஸு நல்லதாணு. பக்ஷே அண்டிப்பருப்பு ஒரு ஸ்கேல் அல்ல. நாளெ வேறெ ஒரு வீட்டில் மீன்காரி உண்டாகும். அவள்க்கு மத்தி கொண்டுபோகுமோ?"

"கொண்டுபோவேன் சார்" என்றேன். "அவங்களைக் கட்டி வச்சிருக்கு சார். அதை எந்தக் கட்டத்தில் எழுதட்டும்?"

"ஃபீலிங் வேண்டா லீலா. ஃபிகர் மதி." எண் மட்டும் போதுமாம். வெள்ளைத் தாளில் மூலைக்கு மூலை கோடு விழுந்தது. பதினோராவது கேள்வியை எல்லா வீட்டிலும் தப்பாக எழுதியிருக்கிறோம் என்று சொன்னேன். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். குடும்பங்களின் வருடாந்திரக் கூட்டம் வருகிறது, மதிப்பெண் மிக அதிகம் வந்த குடும்பம் மேடையில் பேச வேண்டும், மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கும். ஜெபசிங்குக்கு அழைப்பு. நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எனக்குத்தானே தமிழ் தெரியும்.

அந்தக் கவரைக் கொண்டுபோன அன்று நான் செய்த காரியத்துக்கு எனக்கு மெமோ வந்தது; அந்தக் காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். 'நடைமுறைக்குப் புறம்பான நேர்காணல்' என்று அதில் இருந்தது. என்ன நடந்தது என்று இல்லை. ஜெபசிங் கூட்டத்துக்கு வராததால் சார் விசாரித்து அறிந்தார், மகன் புகார் எதுவும் கொடுக்கவில்லை. என்னை வெளிவேலையிலிருந்து எடுத்து ஆவண அறையில் போட்டார்கள், ஓய்வு பெறும்வரை அங்கேதான். துணையாளர் பெண்கள் அந்த வீட்டுக்குக் கடைசிவரை போகவில்லை, மதிப்பெண் அதிகம் அல்லவா. காலை ஏழு மணிக்குத் தாயோடு மகனே நடந்தான், அவன் முடியாத நாளில் கிரேசி நடந்தாள். தங்கபாய் இறந்தபோது கிரேசி எனக்குப் போன் பண்ணினாள். அந்த நாற்காலியை என்றைக்கோ கொடுத்துவிட்டோம் என்றாள்.

நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து அவர்கள் வந்த பிறகு போனேன். ஜெபசிங் கவரைப் பிரித்துப் படித்து முகம் மலர்ந்தான். "எனக்கு மேடையில பேச்சு வராதே அக்கா. என்னத்தப் பேச?"

"பழகிக்கலாம் தம்பி" என்றேன். "நான் கேள்வி கேட்கிறேன். அம்மைக்குச் சொல்ல முடிஞ்சா என்ன பதில் சொல்வாங்களோ அதை நீ சொல்லு. அம்மை இருக்கிற இடத்திலேயே இருந்து சொல்லு, அப்பதான் வரும்."

அவன் சிரித்தான். கிரேசி வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு மாமியாரை அவிழ்த்து, பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்தாள். ஜெபசிங் நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மையைக் கட்டியிருந்த வேட்டியை அவன் இடுப்பில் சுற்றி முதுகுப் பலகையோடு கட்டினேன். மணிக்கட்டு இரண்டையும் அதே நாடாவால் கட்டினேன். "இறுக்காதிய அக்கா" என்று சிரித்தான். அவன் கட்டிய அளவுக்குத்தான் நானும் கட்டினேன்.

பக்கவாட்டில், முழங்காலுக்குத் தாழ்வாக உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்தேன். உடம்பு எப்படி? மனசுக்குள் பத்து எண்ணினேன். "மிக நல்லது." தெம்பு எப்படி? பத்து. "மிக நல்லது." மூன்றாவது கேள்விக்கு அவன் மூக்கைச் சுளித்தான். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை வரவில்லை. தோளை உயர்த்திப் பார்த்தான், எட்டவில்லை. நான் தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. கேள்வியை அதே குரலில் மறுபடி படித்தேன்.

ஐந்தாவது கேள்வியில் சட்டைப் பையில் இருந்த மொபைல் அடித்தது. "அவுத்து விடுங்க அக்கா, பார்ட்டி விளிக்குது." நான் ஆறாவது கேள்வியைப் படித்தேன். மொபைல் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "அக்கா, விளையாட்டு போதும்." ஏழாவது. வீடு எப்படி? பத்து எண்ணினேன். "கிரேசி, நீ வந்து அவுரு." கிரேசி சுவரோடு நின்றாள், வரவில்லை. அவன் நாற்காலியோடு எழுந்திருக்கப் பார்த்தான். கால் சறுக்கிப் பழையபடி உட்கார்ந்தான். "உங்களுக்குப் பைத்தியமா? அவுத்து விடுங்கன்னா விடணும்!" என்று கத்தினான். குரல் உடைந்துவிட்டது. எட்டாவது கேள்வியைப் படித்தேன். குடும்பம் எப்படி?

கட்டிலிலிருந்து தங்கபாய் எழுந்து வந்தார். அவனுக்கு முன்னால் குனிந்து முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தார். பிறகு மணிக்கட்டில் நகத்தை நுழைத்து முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் கிரேசிக்கும் ஒரு நிமிஷம் ஆகும் முடிச்சு அவர் விரலில் நொடியில் இளகியது. ஒரு கை, மறு கை, பிறகு இடுப்பு. ஜெபசிங் அசையாமல் இருந்தான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை, அது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

"கரையாத மக்களே, அழாத" என்றார். "ஆரு பெத்த பிள்ளையோ, இப்பிடிக் கெட்டிப் போட்டிருக்காவளே. எந்திரி. சட்டுன்னு போ. உனக்க அம்மை தேடுவா."